எதிரில் உட்கார ஓர் ஆள்

பதுளை,
11.02.2024

அன்பு மருமகள் நிரோஜினிக்கு வீரசிங்கம் மாமா எழுதுவது. இங்கே நான் நலம், பிரேம் கடையும் நலம். உன் விஜயலெட்சுமி அத்தையும் இருக்கிறாள். அங்கே அக்காவும் மச்சானும் நீயும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

பஸீல் நானாவின், பாண் ரொட்டியும் பனிஸும் விற்கிற ஓட்டோவில் நீ கொடுத்தனுப்பிய கடிதம் மீன் வைத்த மாலு பாண் வாசத்தோடு வந்து சேர்ந்தது. உங்கள் வெள்ளப்பாறைத் தோட்டத்துக்கு போன் டவர் எட்டாதது ஒரு வகையில் நல்லது. போனில் பேசினால் காற்றோடு போய்விடும். என் கையெழுத்தை நாளைக்கு யாராவது கண்ணாடி போட்டு மாட்டுவார்கள், அதற்கும் என் கடைக்குத்தான் வர வேண்டும்.

கொழும்பு ஓவியக் கல்லூரி உன்னிடம் இரண்டே படம் கேட்கிறதாம். கண்ணாடியில் பார்த்து உன் முகம் ஒன்று. ஆளை எதிரில் உட்கார வைத்து வரைந்த முகம் ஒன்று. போட்டோவைப் பார்த்து வரைந்தால் தள்ளிவிடுவார்களாம். ஜூலை கடைசிக்குள் போய்ச் சேர வேண்டுமாம். எடுபட்டால் தங்க இடமும் சாப்பாடும் அவர்களே தருவார்களாம். எடுபடாவிட்டால் ஆடி முடிந்ததும் காலை ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் பேர் கொடுத்துவிட்டுக் கொழுந்துக்குப் போ என்று மச்சான் சொல்லிவிட்டாராம். எதிரில் உட்காரத்தான் ஒருத்தரும் இல்லை என்று அழுது எழுதியிருக்கிறாய்.

அழாதே. அது தோட்டத்துச் சனத்தின் அறியாமை. ஒரு முகம் பெரிய படமாகச் சுவரில் ஏறினால் அந்த ஆள் போய்ச் சேர்ந்தார் என்று அவர்களுக்கு அர்த்தம். மாலை போடு, ஊதுபத்தி கொளுத்து, சிவப்பு பல்பு மாட்டு. உயிரோடிருக்கும்போது வரைய விட்டால் சீக்கிரம் போய்விடுவோம் என்று பயம். எனக்கு அந்தப் பயமெல்லாம் கிடையாது. ஹாலிஎல முதலாளி ஒருவரின் செத்த அப்பாவை நான் வரைந்தபோது வீட்டு நாய் படத்தைப் பார்த்து வாலாட்டியது. முதலாளியின் அம்மா படத்துக்கு முன்னால் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்து, ஆறுது, குடிங்க என்றாள். "நீங்க எங்க வரஞ்சீங்க, பிரேம்தானே அடிச்சீங்க" என்று அத்தை இப்போது குறுக்கே பேசுகிறாள். அவளுக்கு வேலை இல்லை.

பள்ளிக்கூடத்தை நான் ஐந்தாம் வகுப்போடு விட்டதே, அதற்கு மேல் எனக்குச் சொல்லித்தர ஆள் இல்லாததால்தான். ஆகவே தைரியமாக இரு. ஜெர்மன் பென்சில் ஒரு கட்டு அனுப்புகிறேன். பென்சிலில் வேறு நாட்டுப் பெயர் இருந்தால் கண்டுகொள்ளாதே. படம் முடிந்ததும் என்னிடம் அனுப்பு. அட்டை ஒட்டி, பதிவுத் தபாலில் நானே கொழும்புக்குப் போடுகிறேன். கல்லூரிப் பெரியவர் என்னைக் கண்டால் எழுந்து நிற்பார்.

எல்லாருக்கும் என் அன்பைச் சொல்.

உன் தாய்மாமன்,
கலைஞர் வீ. வீரசிங்கம்


வெள்ளப்பாறைத் தோட்டம்,
24.03.2024

அன்புள்ள மாமாவுக்கு,

நாங்கள் சுகம். நீங்களும் அத்தையும் சுகமா? அத்தையின் இருமல் குறைந்ததா என்று அம்மா கேட்கச் சொன்னார்.

எனக்கு ஓர் ஆள் கிடைத்துவிட்டார். எங்கள் லயத்து வரிசையில் நாலாவது வீட்டு ரெங்கம்மா பெரியம்மா. நான் கேட்டதும் சிரித்தார். "வரையிடி. இத்தன வருசம் கொழுந்து எடுத்தேன், கங்காணி என் கூடையத்தான் பாத்தான். என் மூஞ்சிய நிமிந்து பாத்தவன் ஒருத்தனில்ல. நீயாவது பாரு" என்றார்.

பீலியில் தண்ணீர் பிடிக்கிற பெண்கள் சும்மா இருக்கவில்லை. "ரெங்கம்மாக்கா, மால எங்க?" என்று ஒருத்தி கத்தினாள். "ஒம் புருசன வாங்கியாறச் சொல்லுடி, அவனுக்குத்தான் வேலவெட்டி இல்ல" என்று பெரியம்மா பீன்ஸ் நாரை உரித்துக்கொண்டே பதில் கொடுத்தார்.

முதல் படத்தில் நான் ஒவ்வொரு சுருக்கத்தையும் கோடாகப் போட்டேன். "என்னாடி இது, காஞ்ச பாவக்கா மாதிரி இருக்கேன்" என்றார். சரிதான். முகத்தில் கோடே இல்லை மாமா, வெளிச்சமும் நிழலும்தான். அதைப் புரிந்துகொள்ளப் பல தாள்கள் போயின. இன்னொன்றும் தெரிந்தது. பேசாமல் உட்கார்ந்தால் முகம் கதவைச் சாத்திக்கொள்கிறது. கொழும்புக் கடையில் நிற்கிற மகன் ஜீவனைப் பற்றி நான் கேட்டேன், உடனே திறந்துகொண்டது.

அவர் நெற்றிக்கு மேலே, மயிர் தொடங்கும் இடத்தில், ஒரு பள்ளம் இருக்கிறது. கூடைக் கயிறு அழுத்தி அழுத்தி எலும்பிலேயே விழுந்த தடம். அதை வரைந்த பிறகுதான் படம் அவராக மாறியது. பார்த்துவிட்டு, அந்த இடத்தைத் தடவிக்கொண்டு, "இதையும் பாத்தியா" என்று மட்டும் கேட்டார்.

படத்தை பஸீல் நானாவிடம் அனுப்புகிறேன். அட்டை மட்டும் ஒட்டுங்கள் மாமா. படத்தில் எதையும் தொட வேண்டாம். என் முகத்தை வரைந்தது என்னிடம் இருக்கிறது, அதைப் பின்னால் அனுப்புகிறேன்.

அத்தையை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அன்புடன்,
நிரோஜினி


பதுளை,
07.04.2024

அன்பு மருமகளுக்கு,

வருசப்பிறப்பு வாழ்த்துகளை முன்கூட்டியே தருகிறேன். நான் பரம சுகம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

படம் கிடைத்தது. மோசமில்லை, என் ரத்தம் கொஞ்சம் ஓடுகிறது. அத்தை அதன் முன்னால் அடுப்பை மறந்து நின்றாள். "இவ இப்ப வாயத் திறந்து பேசப் போறா பாருங்க" என்றாள். சோறு அடிப்பிடித்தது. அவளுக்குக் கலை என்ன தெரியும், மீன் வெட்டத் தெரியும்.

ரெங்கம்மா வழுக்கி விழுந்து, பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, நேற்று பனிஸ் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். கண்ணை மூடி, வாயைத் திறந்து கிடந்தாள். தாதி "தூங்குறாங்க" என்றாள். பாவம், சின்னப் பிள்ளை. எத்தனை செத்த முகங்களுக்குக் கண்ணாடி போட்ட கை இது! முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். இன்று விடிவதற்குள் கதை முடிந்திருக்கும், சந்தேகமே இல்லை.

தம்பி ஜீவன் கொழும்பிலிருந்து வந்து படத்துக்கு அலையக் கூடாது என்று நானே ஒரே மூச்சில் வேலையை முடித்துவிட்டேன். நீ பென்சிலோடு விட்டிருந்தாய், நான் வர்ணம் கொடுத்தேன். ஆளைக் கொஞ்சம் சிவப்பாக்கினேன், மூக்குத்தி போட்டேன். நெற்றியில் ஏதோ பள்ளம் விட்டிருந்தாய், அதை நிரப்பி மொழுகிவிட்டேன். சுற்றிலும் ரோஜா மாலை, கீழே தோற்றம், மறைவு, இன்றைய தேதி. கடையின் பெயரும் மூலையில் இருக்கிறது, சின்னதாகத்தான். பிரேம் போட்டு இந்தக் கடிதத்தோடு பஸீல் நானாவிடம் ஏற்றிவிடுகிறேன். நீ இதைப் படிக்கும்போது தோட்டமே உன் மாமன் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கும்.

கொழும்புக்கு வேறொன்று வரைந்துகொள். உனக்கென்ன, இளம் கை.

உன் மாமா,
வீரசிங்கம்


வெள்ளப்பாறைத் தோட்டம்,
05.05.2024

மாமாவுக்கு,

நாங்கள் இருக்கிறோம். அத்தை சுகமா?

நடந்ததை எழுதுகிறேன். பஸீல் நானா வந்தபோது நான் தாள் வாங்க ஹாலிஎலவுக்குப் போயிருந்தேன். உங்கள் கடிதம் அவர் சட்டைப் பையில் இருந்தது. படத்தை மட்டும் ரெங்கம்மா பெரியம்மாவின் வாசலில் இறக்கி, சாக்கை அவிழ்த்திருக்கிறார். பாண் வாங்க வந்த பெண்கள் பார்த்தார்கள். எங்கள் தோட்டத்தில் இப்படிப் படம் வந்தால் சாவுச் செய்தி வந்த மாதிரி. யாரும் யாரையும் கேட்கவில்லை.

நான் மலையேறி வரும்போதே சாவுக்கு அடிக்கிற தப்பு மேளச் சத்தம் கேட்டது. தறப்பாள் கட்டி, விளக்கு ஏற்றி, ஒப்பாரி நடந்துகொண்டிருந்தது. நானும் நம்பினேன். ஒரு மூலையில் உட்கார்ந்து அழுதேன். நிமிர்ந்து படத்தைப் பார்த்தபோதுதான் அது என் படம் என்று தெரிந்தது.

மத்தியானம் ஒரு ஓட்டோ வந்து நின்றது. கையில் கட்டோடும் ஒரு பையில் தோடம்பழத்தோடும் பெரியம்மா இறங்கினார். யாரும் கவனிக்கவில்லை. தறப்பாளைப் பார்த்ததும், "ஐயையோ, யாருடி போயிட்டா? ஏண்டி எனக்குச் சொல்லல?" என்று தலையில் அடித்துக்கொண்டு வந்து, அழுகிற பெண்களோடு கட்டிப்பிடித்து அவரும் ஒப்பாரி வைத்தார். பக்கத்தில் இருந்தவள் திரும்பிப் பார்த்துப் பேச்சுமூச்சில்லாமல் விழுந்தாள். பிறகு ஒவ்வொருத்தராக அழுகையை நிறுத்தினார்கள். கடைசி வரைக்கும் அழுதது பெரியம்மா மட்டும்தான்.

படத்துக்குக் கிட்டப் போய் நின்றார். "ஆளு செவப்பா இருக்காளே" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவர் தன் நெற்றியைத் தொட்டார், படத்தின் நெற்றியைத் தொட்டார். என்னைக் கூப்பிட்டார். "எங்கடி என் தழும்பு? அத எடுத்துட்டுத்தான் அனுப்புவாங்களா?" என்று கேட்டார்.

அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. ஏழெட்டு நாள் கழித்து, அடுத்த கிழமை உண்மையாகவே போய்விட்டார். டாக்டர் சர்க்கரை என்றார். லயம் என்னைச் சொல்கிறது. அவர் முகத்தை நான் எடுத்துக்கொண்டேனாம். படத்தையும் அவரோடு புதைத்துவிட்டார்கள். நான் ரோட்டில் போனால் பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துகிறார்கள். என் அம்மா நான் ஏறிட்டுப் பார்த்தாலே முந்தானையை முகத்துக்கு இழுத்துக்கொள்கிறார்.

அத்தையைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

நிரோஜினி


பதுளை,
12.05.2024

அன்பு மருமகளுக்கு,

நலம், நலமறிய ஆவல். ரெங்கம்மா காலமானதற்கு என் ஆழ்ந்த அனுதாபம். அது நிற்க.

ஒன்றைக் கவனித்தாயா? மறைவுத் தேதியில் பிசகு ஒரு கிழமைதான்! எந்த டாக்டர் இவ்வளவு கிட்ட வருவான்? பதுளைக் கடைவீதி முழுக்க இதே பேச்சு. நான் கொஞ்சம்தான் சேர்த்துச் சொன்னேன். படத்துக்குக் கண் வரைந்த அதே நிமிடத்தில் கிழவிக்குக் கண் இருண்டது என்று சொன்னேன். சனம் அதை மூன்று கிழவிகளாக்கிவிட்டது. நான் மறுக்கவில்லை, வியாபாரம் என்று ஒன்று இருக்கிறதல்லவா.

இப்போது கேள். பண்டாரவளையிலிருந்து மரக்கறி வியாபாரி ஒருவர் வந்தார். சுற்றுமுற்றும் பார்த்து, மடியிலிருந்து தன் அண்ணன் போட்டோவை எடுத்தார். "காலமாயிட்டாரா?" என்று கேட்டேன். "இல்ல, நல்லாத்தான் இருக்கார். காணிக்குப் பங்கு கேட்டுக்கிட்டு, ரொம்ப நல்லா இருக்கார். சும்மா ஒரு ஞாபகத்துக்கு" என்றார். எல்லவிலிருந்து ஒரு பெண் மாமியார் போட்டோவோடு வந்தாள். "ஒங்க மருமக கையாலதான் வேணும். பிரேம்கூட வேணாம்ணே, படம் முடிஞ்சா போதும்" என்றாள். இன்னும் நாலைந்து பேர். யாரும் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை, ஆனால் எல்லாரும் மரியாதையாகப் பேசினார்கள்.

முகம் வரைய ஆள் இல்லை என்று அழுதாயே, இதோ முகங்கள். போட்டோக்களை இந்தக் கடிதத்துக்குள் வைத்திருக்கிறேன். பென்சிலே போதும். அரைகுறையாக விடாதே, அவர்களுக்கு முழுசாக வேண்டும்.

கடையில் கூட்டம் தாங்கவில்லை. உதவிக்கு மரகதம் என்று ஓர் அம்மா வருகிறார். புருசன் இல்லாதவர், நல்ல சிரிப்பு. நான் நடந்து வந்தால் சிங்கமே வருகிற மாதிரி இருக்கிறதாம். அத்தை இருமிக்கொண்டே இருக்கிறாள், ஆனால் ஒன்றும் ஆகவில்லை.

உன் புகழ்பெற்ற மாமா,
வீரசிங்கம்


வெள்ளப்பாறைத் தோட்டம்,
09.06.2024

மாமாவுக்கு,

வீட்டில் சுகம். அத்தையின் இருமலுக்கு அம்மா ஆடாதோடை இலை அனுப்புகிறார், கசாயம் வைத்துக் கொடுங்கள்.

போட்டோக்களைத் திருப்பி அனுப்புகிறேன். ஒன்றையும் வரையவில்லை, வரையவும் மாட்டேன்.

ஜூலை கடைசிக்கு அதிக நாள் இல்லை. எதிரில் உட்கார ஓர் ஆள்தான் எனக்கு வேண்டும். அப்பாவைக் கேட்டேன். "நான் செத்தா யாரு ஒனக்குச் சோறு போடுறது?" என்று எழுந்து போய்விட்டார். பஸீல் நானாவைக் கேட்டேன். "எங்கட ஆக்கள் முகம் வரைய உட்கார மாட்டோம் மகள், அது எங்கட மார்க்கத்தில இல்ல. நீங்க குறை நினைக்கப்படாது" என்று சொல்லி ஒரு பனிஸ் கொடுத்துவிட்டுப் போனார். அவர் ஒருவர்தான் என் முகத்தைப் பார்த்துப் பதில் சொன்னார். கோயில் பூசாரி, பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்க்கிற டீச்சர், ஜீவன் அண்ணா, யாரும் இல்லை. ஜீவன் அண்ணா நான் நிற்கிற பக்கம் துப்பினார்.

நீங்கள் வாருங்கள் மாமா. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும் போதும். அந்தப் பயமெல்லாம் எனக்குக் கிடையாது என்று நீங்கள்தான் எழுதினீர்கள். நீங்கள் உட்கார்ந்து, நன்றாக எழுந்து போனால், தோட்டத்துப் பேச்சும் நின்றுவிடும்.

காத்திருக்கிறேன்.

நிரோஜினி


பதுளை,
16.06.2024

அன்பு மருமகளுக்கு,

சுகமே. அக்காவின் இலை கிடைத்தது.

நீ கூப்பிட்டதும் சட்டையை இஸ்திரி போட்டுவிட்டேன், கிளம்பவே இருந்தேன். அப்போது பார்த்து ஒரு பல் ஆடத் தொடங்கியது. பல் ஆடுகிறபோது வரைந்தால் முகம் கோணும், இது உனக்குக் கல்லூரியில்கூடச் சொல்லித்தர மாட்டார்கள். தவிர, சோதிடர் என் ராசிக்கு ஆவணி வரை மலையேறக் கூடாது என்கிறார். தவிர, கடைக்கு என் முகம்தான் விளம்பரம், அதற்கு இன்னொரு பிரதி வந்தால் மதிப்புக் குறையும். தவிர, இவ்வளவு களையான முகத்தை ஒரு பென்சில் தாங்குமா என்று சந்தேகமாக இருக்கிறது.

பயம் என்று மட்டும் நினைத்துவிடாதே. நான் யார்? மூன்று வருசத்துக்கு முன் பாதையில் சிறுத்தை ஒன்றை வழிமறித்துத் திட்டி அனுப்பியவன். மரகதத்திடம் கேட்டுப் பார், நேற்றுகூடச் சொன்னேன்.

ஒரு யோசனை. முதுகுப் பக்கமாக உட்கார்ந்தால் ஏற்றுக்கொள்வார்களா? என் பிடரியும் பார்க்க நன்றாக இருக்கும்.

உன் மாமா,
வீரசிங்கம்


வெள்ளப்பாறைத் தோட்டம்,
23.06.2024

மாமாவுக்கு,

சுகம்.

முதுகை ஏற்க மாட்டார்கள். நீங்கள் மலையேற வேண்டாம். வருகிற ஞாயிறு நான் பதுளைக்கு வருகிறேன். கடை வாசலில் ஒரு ஸ்டூல் போடுங்கள், நீங்கள் வேலை செய்துகொண்டே இருங்கள், நான் வரைந்துகொள்கிறேன். அப்பா கங்காணியிடம் என் பேரைச் சொல்லி வைத்துவிட்டார்.

நீங்கள் வரையவிடாவிட்டால் எனக்கு வேறு முகம் இல்லை.

நிரோஜினி


பதுளை,
29.06.2024

அன்பு மருமகளுக்கு,

அனைவரும் நலம்தானே. நீ வர வேண்டாம், ஞாயிறு கடை பூட்டு. நான் கதிர்காமம் போகிறேன். பல்லோடுதான் போகிறேன்.

உன் கஷ்டத்தை இந்த மாமன் பார்த்துக்கொண்டிருப்பானா? இந்தக் கடிதத்தோடு பஸீல் நானாவின் ஓட்டோவில் உன் அத்தை வருகிறாள். எப்படியும் வீட்டில் சும்மா இருக்கிறவள்தானே. மருமகள் உன் முகத்தை வரைய ஆசைப்படுகிறாள் என்று மட்டும் சொன்னேன். "என் மூஞ்சியவா? என்னாத்துக்கு?" என்று பத்துத் தடவை கேட்டுவிட்டாள். ஆனால் நல்ல சேலையைத் தேடி எடுத்தாள். நானே கடைக்குப் போய் மல்லிகை வாங்கி வந்து தலையில் வைத்துவிட்டேன். கலியாணத்திலிருந்து இன்று வரை நான் பூ வாங்கியதில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. வெட்கப்பட்டாள். பார்க்கக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. மரகதம் வந்ததும் சரியாகிவிட்டது.

தோட்டத்துச் சனம் உளறுவதை அவள் காதில் போடாதே. அவள் பயந்த சுபாவம்.

நன்றாக வரை. முழுசாக வரை. கண், காது, கழுத்து எதையும் மிச்சம் வைக்காதே. முடித்த அன்றே எனக்கு எழுது.

உன் நன்மையையே விரும்பும்,
மாமா


பதுளை,
28.07.2024

அன்பு மருமகளுக்கு,

நான் சுகம். அத்தை சுகமா? ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை, அவளையும் காணோம். பஸீல் நானாவைக் கேட்டால், "இருக்காங்க" என்கிறார். அது என்ன பதில்?

இருமல் கூடியிருக்கிறதா? சாப்பாடு இறங்குகிறதா? நடந்து திரிகிறாளா, படுக்கையோடா? ராத்திரியில் மூச்சு எப்படி? அக்கறையில்தான் கேட்கிறேன். எதுவானாலும் மறைக்காமல் எழுது, நான் தாங்குவேன். நான் எப்படிப்பட்ட நெஞ்சுக்காரன் என்று உனக்குத் தெரியும்.

படம் முடிந்துவிட்டதா? நல்ல தேக்கில் ஒரு பிரேம் ஒதுக்கி வைத்திருக்கிறேன், விற்கவில்லை. மரகதமும் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். தேதி தெரிந்தால் ஏற்பாடு செய்ய வசதி என்கிறார்.

அத்தைக்குச் சுகம்தானா?

மாமா


வெள்ளப்பாறைத் தோட்டம்,
18.08.2024

மாமாவுக்கு,

நீங்கள் கேட்டிருந்தீர்கள். அத்தை சுகம். இருமல் போய்விட்டது. இரண்டு தடவை சோறு போட்டுச் சாப்பிடுகிறார். இங்கே எங்களோடுதான் இருக்கிறார், இனியும் இங்கேதான் இருப்பாராம். முதல் பத்துப் பதினைந்து நாள், விடிந்ததும் லயமே கதவு வழியாக எட்டிப் பார்த்தது. அவர் பீலியடியில் பல் விளக்கிக்கொண்டு நின்றார். இப்போது யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. அம்மாவும் முந்தானையை இழுப்பதில்லை.

இரண்டு படமும் கொழும்புக்குப் போய்ச் சேர்ந்தன. நான் எடுபட்டுவிட்டேன். அடுத்த மாதம் போகிறேன். அங்கிருந்த ஒரு மேடம் பள்ளிக்கூடத்துக் கம்பித் தொலைபேசிக்கு அழைத்து, "அந்த அம்மாவுக்கு என்ன நடந்தது?" என்று கேட்டார். என் அத்தை, சுகமாக இருக்கிறார் என்று சொன்னேன்.

படத்தைப் பற்றியும் எழுத வேண்டும். அத்தை பூவோடு வந்து, ஸ்டுடியோவில் உட்காருகிற மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார். வாயை மூடிச் சிரித்தார். என்ன கேட்டாலும் அதே சிரிப்பு. ஒரு நாள் முழுக்க வரைந்தேன். நாடி சரி, மூக்கு சரி, அளவு எல்லாம் சரி. சந்தோசமான ஒரு பெண் இருந்தாள், அத்தை இல்லை. அதை அனுப்பியிருந்தாலும் ஒருவேளை எடுத்திருப்பார்கள். எனக்குப் போதவில்லை.

மறுநாள் காலை புதுத் தாள் எடுத்தேன். பென்சிலைச் சீவினேன். தலையின் அளவைக் குறித்துக்கொண்டேன். பிறகு, "மாமா ஏன் ஒங்கள அனுப்புனாரு தெரியுமா அத்த?" என்று கேட்டேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். ரெங்கம்மா பெரியம்மாவை, பண்டாரவளைக்காரரின் அண்ணனை, மரகதத்தை, நீங்கள் மிச்சம் வைக்காமல் வரையச் சொன்னதை. மெதுவாகச் சொன்னேன். ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு நிறுத்தி, பார்த்து வரைந்தேன்.

முதலில் இமை இறங்கியது. பிறகு வாயின் ஒரு மூலை மட்டும், இடது பக்கம், மெல்ல விட்டுப்போனது. சிரிப்பு உடனே போகவில்லை மாமா, போக இடம் தெரியாமல் கொஞ்ச நேரம் மற்ற மூலையில் நின்றது. அதைத்தான் அந்த மேடம் கேட்டார் என்று நினைக்கிறேன்.

"பூ வாங்கியாந்தப்பவே நெனச்சேன், என்னாத்துக்கோன்னு" என்றார் அத்தை. அழவில்லை. தலையில் கை வைக்கப் போனார். "அசையாதீங்க அத்த" என்றேன். கையை மடியில் வைத்துக்கொண்டார்.

பிறகு என்னைப் பார்த்தார். "படம் வரஞ்சு முடிச்சிட்டு இதச் சொல்லியிருக்கலாமேடி."

நான் இமையின் நிழலை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"இதுக்குத்தான் இப்ப சொன்னியா?"

தலையாட்டினேன்.

"நீ அவரு ரத்தந்தான்டி" என்றார்.

எனக்குக் கேட்டது. ஆனால் கீழுதட்டு நிழல் பாக்கி இருந்தது, வெயில் வேறு நகர்ந்துகொண்டிருந்தது. "இன்னும் கொஞ்சம் அப்பிடியே இருங்க அத்த" என்று சொல்லிவிட்டு வரைந்தேன்.

நீங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மருமகள்,
நிரோஜினி